துவைத்ததும் குறுகிய சுங்குடி குயில்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை திருநகரில் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் தையலகம் நடத்துகிறார். பிளவுஸும் சுடிதாரும்தான் அன்றாட வருமானம். சில வருடங்களாகக் குயில்ட் ஆர்டரும் எடுக்கிறார். மேலே ஒட்டுத்துணி, கீழே ஒரே துணி, நடுவில் பஞ்சு ஷீட், மூன்றையும் சேர்த்து ஊடுருவும் தையல்: இதுதான் குயில்ட். வட இந்திய ரஜாயைவிட மெல்லியது. ஏசி அறையில் போர்த்திக்கொள்ள மதுரைக்கு இந்தக் கனம் போதும்.

கே.கே. நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவரிடம் ஒரு ஆர்டர் கொடுத்தார். காலமான அவருடைய அம்மாவின் சுங்குடிச் சேலைகள் பெட்டியில் மடித்தபடியே இருந்தன. அவற்றை வெட்டி, மகளின் கட்டிலுக்கு ஒரு குயில்ட் தைத்துத் தர வேண்டும். கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி. எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம் தொங்கும்படி 84 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று பேசிக்கொண்டார்கள்.

சேலைகளை 10 அங்குலச் சதுரங்களாக வெட்டி, சதுரங்களுக்கு நடுவே 2 அங்குலக் கோரா துணிப் பட்டி (கோரா என்பது வெளுக்காத பருத்தித் துணி) வைத்து மேல்துணி தயாரானது. பின்பக்கமும் கோராதான். விளக்குத்தூண் பக்கம் மீட்டர் கணக்கில் எடுத்த துணி, கடையிலிருந்து வந்தபடியே வெட்டப்பட்டது. நடுவில் முழுப் பருத்திப் பஞ்சு ஷீட். ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிய வகை, அதுவும் ரோலிலிருந்து நேராக. தையல், பட்டிகளை ஒட்டியே ஓடியது. சதுரங்களுக்குள் தையல் போடவில்லை. சுங்குடிப் புள்ளிகளுக்கு மேல் நூல் ஓடினால் அழகு கெடும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

தை மாதம் குயில்ட் ஒப்படைக்கப்பட்டது. எப்படித் துவைக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது இரு பக்கமும் எழவில்லை.

முதல் சலவை

சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வருவதால் ஆசிரியை வீட்டில் விரிப்புகளையெல்லாம் துவைத்தார்கள். குயில்ட்டும் முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்குள் போனது. ‘காட்டன்’ புரோகிராம். அந்த மெஷினில் அது தானாகவே 60 டிகிரி சூட்டுக்குப் போகும். தண்ணீர் போர்வெல் தண்ணீர். துவைத்த பிறகு மொட்டைமாடியில் ஒற்றைக் கயிற்றில் குறுக்கே போட்டுக் காயவைத்தார்கள். மாலைக்குள் உலர்ந்துவிட்டது.

கட்டிலில் விரித்தபோது கால்பக்கம் மெத்தை நுனி எட்டிப் பார்த்தது. சதுரங்கள் எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருந்தன. ஆசிரியை அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு திருநகருக்குப் போனார்.

“என்னம்மா இது, ஒரே சலவைல இப்படிக் குறுகிப் போச்சு?”

“மெஷின்ல போட்டீங்களா டீச்சர்?”

“மெஷின்ல போடாம கல்லுலயா அடிப்பாக?”

தையல்காரர் பஞ்சைக் குற்றம் சொன்னார். மட்டமான பஞ்சை ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். தையல் பயிற்சி தருகிறவள் என்ற முறையில் என்னை அழைத்தது இந்தக் கட்டத்தில்தான்.

பார்த்ததும் அளந்ததும்

குயில்ட்டை நல்ல தரையில், இழுக்காமல், கையால் தடவிச் சமன்படுத்தி விரித்தோம். துணி இழுபட்டால் அளவு பொய் சொல்லும். நீளத்தை நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியாக எடுத்தோம். நடு நீளம் 85½ அங்குலம், அதாவது 4½ அங்குலம் போயிருந்தது: நூற்றுக்கு 5. அகலம் 81. அதில் 3 அங்குலம்தான் குறைவு, நூற்றுக்கு மூன்றரைதான்.

ஒரே பொருள் நீளத்தில் அதிகமாகவும் அகலத்தில் குறைவாகவும் சுருங்கியிருந்தால், பஞ்சு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்ததாகச் சதுரங்களைப் பார்த்தோம். சுற்றியிருக்கும் கோராச் சட்டம் குறுகி, 10 அங்குல இடம் ஒன்பதரைக்கு வந்திருந்தது. உள்ளே இருந்த சேலைத் துணியை விரலால் தட்டி விரித்தால் அது இன்னும் பத்து அங்குலம்தான். பல வருடம் துவைத்துத் துவைத்து எப்போதோ சுருங்கி முடித்த துணி அது. போக இடமில்லாமல் மேலே எழும்பியிருந்தது.

பஞ்சு கட்டி கட்டியாகிவிட்டது என்று ஆசிரியை சொன்னதையும் சோதித்தோம். குயில்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பஞ்சு விலகிய இடம் வெளிச்சமாகவும் சேர்ந்த இடம் இருட்டாகவும் தெரியும். ஏறக்குறைய எல்லாச் சதுரமும் ஒரே சீராக இருந்தது. கயிறு பட்ட கோட்டில் மட்டும், வரிசையாக இரண்டு சதுரங்களில், மெல்லிய வெளிச்சக் கீற்று. ஈரக் கனம் இரு பக்கமும் இழுத்ததில் அங்கே பஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. மற்றபடி கைக்குக் கடினமாகத் தெரிந்தது உப்புத் தண்ணீரின் வேலை. சோப்பு சரியாக அலசப்படாமல் துணி மொடமொடவென்று நின்றது. நல்ல தண்ணீரில் அலசியதும் அந்தக் கடினம் போய்விட்டது.

துண்டுச் சோதனை

நல்லவேளையாகத் தையல்காரர் மிச்சத் துணிகளைத் தூக்கிப் போடுகிறவர் இல்லை. அதே ரோலின் பஞ்சு, அதே கோரா, அதே சேலைகளின் துண்டுகள் எல்லாம் ஒரு பையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் 22 அங்குலத் துண்டு வெட்டி, கோராவின் ஓரத்தில் ஜிக்ஜாக் அடித்து, உள்ளே 20 அங்குலச் சதுரத்தைச் சிவப்பு நூலால் குறித்தோம். ஓரத்தை அளந்தால் பிரிந்த நூல் கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் உள்ளே குறி வைப்பது. பஞ்சு பிய்ந்து போகாமல் இருக்க அதன் இரு பக்கமும் பழைய மல் துணி வைத்து, நீள நீளமாக லேசான தையல் போட்டோம். எல்லாவற்றையும் ஆசிரியை வீட்டு மெஷினில் அதே புரோகிராமில் துவைத்து, அதே மாடியில் காயவைத்து அளந்தோம்.

சேலைத் துணி 20 அங்குலத்திலேயே நின்றது. பஞ்சு இரு பக்கமும் 19¼. கோரா அகலவாட்டில் 19¼, நீளவாட்டில் 18½. நூறு பங்கில் கணக்கிட்டால் சேலை சுழியம், பஞ்சு நாலுக்குச் சற்றுக் கீழே, கோரா நீளத்தில் ஏழரை.

பருத்திப் பஞ்சு ஷீட் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது இயல்பு. அந்தக் கணக்குக்குள் இந்தப் பஞ்சு சரியாகவே நடந்துகொண்டிருந்தது. கடைக்காரரோடு சண்டைக்குப் போகத் தயாராக இருந்த தையல்காரர் இந்த அளவுகளைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டார். எனக்கு இந்தச் சோதனையில் பெரிதாகப் பட்டது இதுதான்: யார் மேல் தப்பு என்ற பேச்சு, டேப்பை வைத்ததும் எந்தத் துணி எவ்வளவு என்ற பேச்சாக மாறியது.

ஏன் இப்படி ஆகிறது

பருத்தி இழை தண்ணீர் பட்டால் நீளத்தில் குறைவதில்லை. உப்புகிறது. நெய்த துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் அகலவாட்டில் ஓடும் ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்று வளைந்து போகின்றன. நூல் தடித்தால் அதைச் சுற்றிப் போகும் நூலுக்கு அதிக நீளம் தேவை. அந்த நீளத்தைத் துணியே விட்டுக்கொடுக்க வேண்டும். அதோடு, தறியில் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், கஞ்சியும் ஏறியிருக்கும். முதன்முறை நனையும்போது அந்த விறைப்பு தளர்கிறது. அதனால்தான் கோரா நீளவாட்டில் அவ்வளவு சுருங்கியது. சட்டைத் துணிகளில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்போம். சான்ஃபோர்ட் க்ளூயட் என்ற அமெரிக்கர் 1930-ல் காப்புரிமை பெற்ற முறை அது. துணியை ஆலையிலேயே நெருக்கிச் சுருக்கிவிடுவதால், பிறகு நூற்றுக்கு ஒன்றுக்குள்தான் சுருங்கும். கோரா அந்தப் பக்கமே போகாத துணி.

பஞ்சு ஷீட்டில் நெசவு இல்லை. தயாரிக்கும்போது இழுத்துப் பரப்பி ஊசியால் கோத்த இழைகள், சூடான தண்ணீரிலும் உருளும் டிரம்மிலும் தளர்ந்து ஒன்றோடொன்று நெருங்குகின்றன. சூடும் புரட்டலும் கூடக் கூட நெருக்கமும் கூடும்.

இனி தையல். மொத்தச் சுருக்கத்தைத் தையல் குறைப்பதில்லை. எங்கே போய்த் தங்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தையல் இருந்தால், அரை அங்குலத் தொய்வு சின்னச் சின்ன நெளிவாகப் பிரிந்துவிடும். அமெரிக்காவில் இந்த நெளிவுக்காகவே பஞ்சை நனைக்காமல் தைக்கிறவர்கள் நிறைய. பழைய குயில்ட் மாதிரித் தெரிவது அவர்களுக்குப் பிடிக்கும். பத்து அங்குலம் வெறுமையாக விட்டால் அதே அரை அங்குலம் ஒரே பொதியாக நிற்கும். ஆசிரியை கேட்ட அழகுக்காக விட்ட வெறுமைதான் அவர் வெறுத்த உப்பலைக் கொடுத்தது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் முடிவு: நனைத்து, விரித்து, உலர்த்துவது

பிரித்துத் தைப்பது என்ற யோசனையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினோம். சேலைகள் நைந்தவை. தையல் பிரிக்கும் முள் பட்டாலே கிழியும். இஸ்திரி போட்டு அமுக்கலாம் என்று தையல்காரர் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. உப்பிய துணியை அமுக்கினால் அது மடிப்பாகப் பதிந்து, பிறகு எடுக்கவே வராது.

மிஞ்சியது ஈரத்தில் இழுத்து உலர்த்துவது. நூல் தளர்ந்ததால் வந்த சுருக்கத்தில் ஒரு பங்கை, ஈரமாக இருக்கும்போது இழுத்தால் திரும்பப் பெறலாம். பெரிய பாத்திரத்தில் வைகைத் தண்ணீர் பிடித்து, குயில்ட்டை முக்கி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, கனமான துண்டுகளுக்குள் சுருட்டி ஈரத்தை எடுத்தோம். கூடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பெட்ஷீட், அதன் மேல் குயில்ட். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, எதிரெதிர் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளங்கையால் தள்ளினோம். விரலால் பிடித்து இழுத்தால் பிடித்த இடம் மட்டும் நீண்டு ஓரம் அலை அலையாகும். ஓரங்களில் பெட்ஷீட்டோடு சேர்த்து குண்டூசி குத்தி, ஃபேனை ஓடவிட்டோம். ஓரளவு உலர்ந்ததும் அடிப்பக்க பெட்ஷீட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரவாடை பிடிக்கும்.

உலர்ந்தபின் நீளம் 87½, அகலம் 82½. உப்பல் பாதியாகக் குறைந்தது. ஆசிரியைக்குத் திருப்தி. எடுத்துப் போவதாகச் சொன்னார்.

இரண்டாம் சலவை

கொடுக்க வேண்டாம் என்றேன். இழுத்து வாங்கிய நீளம் அடுத்த சலவையில் திரும்பிப் போகக்கூடியது. மகள் வீட்டில் ஒவ்வொரு முறையும் கூடத்தில் விரித்துக் குண்டூசி குத்த யாருக்கும் நேரம் இருக்காது. தையல்காரருக்கு இது பிடிக்கவில்லை. “சரியாயிருச்சுன்னு அவங்களே சொல்றப்ப நாம ஏன்க்கா மறுபடி தண்ணில போடணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் துவைத்துப் பார்த்தோம். இந்த முறை சாதாரணத் தண்ணீர், மென்மையான புரோகிராம்.

நீளம் 85¼. அகலம் 80¾. இழுத்துக் கிடைத்ததெல்லாம் போய், கால் அங்குலம் கூடுதலாகவும் போயிருந்தது. முதல் சலவையில் பெரும்பங்கு சுருங்கிவிடும், அடுத்த இரண்டு மூன்று சலவைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் போகும். அதற்குப் பிறகு அளவு நிலைத்துவிடும்.

இரண்டாம் முடிவு: சுருங்கிய அளவையே அளவாக ஏற்பது

85¼-க்கு 80¾ என்பதுதான் இந்தக் குயில்ட்டின் உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டு, குறைந்ததை ஓரத்தில் சேர்ப்பதென்று முடிவானது. அகலத்தில் பக்கத்துக்கு 1½ அங்குலம், நீளத்தில் முனைக்கு 2½ அங்குலம். சேர்த்தால் ஏறக்குறைய பேசிய அளவே வந்துவிடும்.

ஓரத்துக்கு மேல்துணியாக வெட்டாமல் மிஞ்சியிருந்த ஒரு அரக்குச் சுங்குடிச் சேலையைப் பயன்படுத்தினோம். அது இனிச் சுருங்காது. பின்பக்கக் கோராவை இந்த முறை சூடான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு வெட்டினோம். ஓரத்துக்கான பஞ்சுப் பட்டையையும் நனைத்தோம். பஞ்சை நனைப்பதில் கவனம் வேண்டும். மெஷினில் போடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசாமல் முக்கி, மடித்தபடியே அமுக்கி நீரை வடித்து, தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஊசியால் இறுக்கிய ஷீட் மட்டும்தான் இதைத் தாங்கும். பஞ்சு அடிக்கிறவரிடம் வாங்கும் உதிரிப் பஞ்சை நனைத்தால் உருண்டையாகிவிடும். போடி பக்கத்து இலவம் பஞ்சுக்கு இந்தப் பேச்சே கிடையாது. மெழுகுத்தன்மையும் வழுவழுப்பும் உள்ள இழை அது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. இலவம் பஞ்சு மெத்தையை நம் வீடுகளில் வெயிலில் போட்டுத் தட்டுவோமே தவிரத் துவைக்க மாட்டோம்.

பழைய ஓரப்பட்டியைப் பிரித்து, புதுப் பஞ்சுப் பட்டையைப் பழைய பஞ்சின் ஓரத்தோடு முட்டவைத்து, கையால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார் தையல்காரர். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் சுற்றிலும் ஒரு தடிப்பு ஓடும், படுத்தால் உறுத்தும்.

சதுரங்களுக்குக் கைத்தையல்தான் வழி. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இரண்டு அங்குல இடைவெளியில் உள்சதுரங்களாக ஓட்டுத்தையல் போட்டு, உப்பலைச் சின்ன நெளிவுகளாகப் பிரிக்க வேண்டும். புள்ளிகள் மேல் நூல் போகும் என்பதை ஆசிரியை ஏற்க வேண்டியிருந்தது. முதலில் ஒரே ஒரு சதுரத்தில் தைத்துக் காட்டினோம். சேலையின் நிறத்திலேயே நூல் எடுத்ததால் தையல் தனியாகத் தெரியவில்லை. புள்ளிகளுக்கு நடுவே நிழல் விழுந்து, துணிக்கே ஒரு புது ஆழம் வந்தது. அவர் அதன் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே தைக்கச் சொன்னார். மொத்தம் 49 சதுரம். தையல்காரரும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்களும் பிளவுஸ் வேலைக்கு நடுவே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து முடித்தார்கள். கயிற்றுக் கோட்டில் பஞ்சு விலகிய இரண்டு சதுரங்களில் மட்டும் பின்பக்கம் சிறிது பிரித்து, மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்து மூடினோம்.

என்ன ஆனது

முடித்த குயில்ட்டை ஒப்படைக்கும் முன்பே ஒருமுறை துவைத்து, கொடியில் போடாமல் கயிற்றுக் கட்டில் மேல் பரப்பி நிழலில் உலர்த்தினோம். நீளம் 90, அகலம் 83½. உப்பல் இல்லை. மேற்பரப்பு முழுக்க மென்மையான நெளிவு. முதலில் கேட்ட மாதிரி வழுவழுவென்று தட்டையாக இல்லை, இனி அப்படி வரவும் வராது. ஆசிரியை அதைப் புரிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்.

கூலிப் பேச்சு எளிதாக முடியவில்லை. துவைக்கும் முறையைச் சொல்லாதது தையலகத்தின் பொறுப்பு, 60 டிகிரியில் போட்டது வீட்டாரின் பொறுப்பு என்று இரண்டு பக்கமும் பேசி, ஓரம் சேர்த்த வேலைக்குக் கூலி வாங்குவதில்லை, கைத்தையலுக்குப் பாதிக் கூலி என்று உடன்பட்டார்கள். என் கணக்கில் தையல்காரருக்கு இது நஷ்டம்தான். நனைக்காத கோராதான் அதிகம் சுருங்கியது என்பதால் அவர் அதற்கு மேல் வாதாடவில்லை.

இனி மாறுவது

பிளவுஸுக்கு லைனிங் வைக்கும்போதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போதும் நனைத்துக் காயவைக்காமல் மதுரையில் எந்தத் தையல்காரரும் கை வைக்க மாட்டார். இந்தத் தையலகத்திலும் அதுதான் வழக்கம். குயில்ட்டுக்கு மட்டும் அந்த வழக்கம் வராமல் போனதற்குக் காரணம், அது புது வேலை, பெரிய துணி, நனைக்க இடம் வேண்டும் என்பதுதான். இப்போது கோராவோ வேறு எந்தப் புதுத் துணியோ வந்த அன்றே ஊறப்போடப்படுகிறது.

பஞ்சை ஒவ்வொரு முறையும் நனைக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. முழு ஷீட்டை நனைத்துத் தூக்குவது கடினம், ஈரக் கனத்தில் நடுவில் பிய்ந்தும் போகலாம். ஒவ்வொரு ரோலிலும் துண்டு வெட்டிச் சோதித்து, சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துப் பெரிதாகத் தைத்தால் போதும். 90 அங்குலம் வேண்டும், நூற்றுக்கு நாலு சுருங்கும் என்றால், 90-ஐ 0.96-ஆல் வகுக்க வேண்டும்: 93¾ அங்குலம். துணியை நனைத்திருந்தாலும் பஞ்சின் இந்த நாலு பங்கு நெளிவைத் தரும். நெளிவே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பாலியஸ்டர் பஞ்சு இருக்கிறது. அது ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. ஆனால் மதுரைக் கோடையில் அதைப் போர்த்திக்கொண்டால் புழுங்கும், வியர்வையையும் உறிஞ்சாது. நனைக்காத கோராவுக்குள் வைத்தால் அந்தப் பஞ்சோடும் இதே உப்பல்தான் வந்திருக்கும்.

சதுரத்துக்குள் நாலு அங்குலத்துக்கு மேல் வெறுமை விடுவதில்லை என்பது இப்போது தையலகத்தின் விதி. வாடிக்கையாளர் வேண்டுமென்று கேட்டால், துவைத்த மாதிரித் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். தொட்டுப் பார்த்தபிறகு பெரும்பாலும் யாரும் வற்புறுத்துவதில்லை. ஒப்படைக்கும் முன் ஒரு சலவை, அதற்குப் பிறகு எடுத்த அளவு, பச்சைத் தண்ணீர், மென்மையான புரோகிராம், கொடியில் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்துவது: இவை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் குயில்ட்டோடு போகின்றன. பில்லில் ‘நனைப்பு, முதல் சலவை’ என்று தனி வரி ஏறியிருக்கிறது. அதைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் உண்டு. தையல்காரர் வேறு எதில் குறைத்தாலும் அந்த வரியில் மட்டும் குறைப்பதில்லை.